எக்ஸ்ரே வேலைக்குப் போகலாமா? ஆஸ்பத்திரிக்கு ஒரு படிப்பு, பாய்லருக்கு வேறு படிப்பு!

‘சிட்டிசன்’ படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போகுமே, அது அத்திப்பட்டி, கற்பனை ஊர். நிஜத்தில் இருப்பது அத்திப்பட்டு. எண்ணூரைத் தாண்டி, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் போகும் வழியில் இருக்கிறது. வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் என்று சுற்றிலும் தொழிற்சாலைப் புகைதான்.

இந்த ஊரில் பிளஸ் டூ முடித்த ஒருவர் “எக்ஸ்ரே டெக்னீஷியனுக்குப் படிக்கலாம்னு இருக்கேன்” என்று சொன்னால், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். பக்கத்து வீட்டு வெல்டர் அண்ணனோ, “ராத்திரியில கயிறு கட்டி ஆளுங்களை விலக்கிட்டு பைப்பை எக்ஸ்ரே எடுப்பாங்களே, அந்த வேலையா?” என்று கேட்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் இந்த இரண்டு வேலைகளுக்கும் படிப்பு வேறு, சான்றிதழ் வேறு, ஆபத்தும் வேறு. இதைப் பிரித்துச் சொல்லாமல் பணம் வாங்குகிற விளம்பரங்களில்தான் சிக்கலே இருக்கிறது.

முதலில் ஆஸ்பத்திரி வேலை. அத்திப்பட்டில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரோட்டைக் கடந்தால், சென்னை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் இருக்கிறது. கேப்டன் பர்னார்டு பெயரில் 1934-ல் திறக்கப்பட்டது. இன்றைக்கு இந்தத் துறைக்குள் வர பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ படிக்கலாம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. படிப்புக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண் போதும். கடைசி ஒரு வருடம் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி. படம் எடுப்பதுதான் டெக்னாலஜிஸ்ட் வேலை, ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். ஸ்கேன் சென்டரில் அல்ட்ராசவுண்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் உஷார்: கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டு சட்டப்படி அது தகுதி பெற்ற டாக்டரின் வேலை.

‘6 மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன், 100% வேலை’ என்ற போஸ்டர் எல்லா ரயில்வே ஸ்டேஷன் சுவரிலும் இருக்கும். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம், இந்தத் துறையில் டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும், அதுவும் 2 முதல் 4 வருடங்களில் பரவியிருக்க வேண்டும் என்கிறது. ஞாயிறு, பொங்கல், தீபாவளி என எதற்கும் லீவு விடாமல் தினமும் 8 மணி நேரம் வகுப்பு நடத்தினாலும் 6 மாதத்தில் 1,500 மணி நேரத்தைத் தொட முடியாது. கணக்கு அவ்வளவுதான். வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டும் குடும்பத்துக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட யாராவது வேண்டும்.

இப்போது பாய்லர் பக்கம் வருவோம். 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட வட சென்னை மூன்றாம் நிலையின் திறன் 800 மெகாவாட். இப்படிப்பட்ட ஒரு பாய்லரில் ஆயிரக்கணக்கான வெல்டிங் ஜாயின்ட்கள் இருக்கும். உள்ளே போவது கடும் அழுத்தத்தில் இருக்கும் நீராவி. ஜாயின்ட்டில் சின்ன விரிசலோ காற்றுக் குமிழோ இருந்தால் பார்வைக்குத் தெரியாது. அதனால் அதைச் சுற்றி ஃபிலிம் வைத்துப் படம் எடுக்கிறார்கள். இதுதான் இண்டஸ்ட்ரியல் ரேடியோகிராபி.

பெயருக்கு எக்ஸ்ரே என்றாலும், சைட்டில் பெரும்பாலும் பயன்படுவது காமா கதிர். நெருக்கமான டியூப்களுக்கு நடுவே எக்ஸ்ரே குழாயைக் கொண்டுபோக முடியாது. அதற்குக் கரண்டும் வேண்டும். அதனால் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை ‘கேமரா’ எனப்படும் கனமான பெட்டியில் வைத்து எடுத்துவருவார்கள். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், கேபிள் வழியாக அந்தச் சின்னஞ்சிறு ‘சோர்ஸ்’ வெளியே வந்து ஜாயின்ட் அருகே நிற்கும். ஷாட் முடிந்ததும் திரும்ப உள்ளே இழுக்க வேண்டும்.

ஆபத்தின் வேறுபாடு இங்கேதான். ஆஸ்பத்திரி மெஷினை ஆஃப் செய்தால் கதிர் நின்றுவிடும். இரிடியத்துக்கு சுவிட்ச் கிடையாது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 74 நாள் ஆகும். கேபிளிலிருந்து கழன்று சோர்ஸ் வெளியே தங்கிவிட்டால், சர்வே மீட்டர் வைத்துப் பார்க்காத வரை யாருக்கும் தெரியாது. சத்தம் இல்லை, வாசனை இல்லை.

1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் இதுதான் நடந்தது. கீழே கிடந்த இரிடியம் சோர்ஸை என்னவென்று தெரியாமல் எடுத்து பேன்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார் ஒருவர். அவர் ரேடியோகிராபர்கூட இல்லை, வெல்டர். சில மணி நேரம்தான் அது பாக்கெட்டில் இருந்தது. பிறகு அவரது காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஷாட் முடிந்ததும் மீட்டரைப் பார்ப்பதா வேண்டாமா என்பது ரேடியோகிராபரின் சொந்த விஷயம் இல்லை. அடுத்த ஷிப்டுக்கு வருகிற அத்தனை பேரின் விஷயம்.

அதனால்தான் இங்கேயும் சான்றிதழ் முக்கியம். ‘என்டிடி லெவல்-2’ என்று சில நாள் கோர்ஸ் நடத்தி சான்றிதழ் கொடுப்பார்கள். ஃபிலிமைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க அது உதவும். கல்ஃப் வேலைக்கும் கேட்பார்கள். ஆனால் அதை வைத்து சோர்ஸைத் தொட முடியாது. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அங்கீகரித்த ஆர்டி-1 பயிற்சி வேண்டும். ஆஸ்பத்திரி பி.எஸ்சி. முடித்தவருக்கும் இதே விதிதான். வயது 18 நிரம்பாதவரை இந்த வேலையில் அமர்த்தவே கூடாது.

“கதிர்வீச்சு பட்டா குழந்தை பிறக்காதாமே?” என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவது இன்னொரு பக்கம். கதிர்ப் பணியாளருக்கு 5 வருடத்தில் மொத்தம் 100 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவின் வரம்பு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோருக்கும் வருடத்துக்குச் சராசரியாக சுமார் 2.4 வருகிறது. ஒழுங்காகச் சுவர் கட்டிய எக்ஸ்ரே அறையில் தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை பார்ப்பவரின் அளவு, பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும். கர்ப்பம் என்று தெரிவித்த பெண் ஊழியருக்கு, மீதி மாதங்களில் கருவுக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற தனி விதியும் உண்டு. தயங்காமல் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஆக, பயப்பட வேண்டியது கதிரைப் பார்த்து அல்ல, அளக்கப்படாத கதிரைப் பார்த்து. அளப்பது மார்பில் குத்தும் டிஎல்டி பேட்ஜ். மெயின் கான்ட்ராக்ட், சப் கான்ட்ராக்ட், அதற்கும் கீழே ஒருவர் என்று அடுக்கடுக்காகப் போகும் சைட் வேலையில், “இன்னிக்கு ஒரு நாள் பேட்ஜ் இல்லாம போ” என்று சொல்லும் முதலாளியிடம் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் நிற்காதீர்கள். ரீடிங் கூடினால் வேலை போய்விடுமோ என்று நீங்களே கழற்றி வைப்பதும் அதே அளவு மோசம். நிறுவனத்துக்கு வாரியத்தின் லைசென்ஸ் இருக்கிறதா, கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி யார், சர்வே மீட்டர் வேலை செய்கிறதா என்று சேரும் முன் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. இதைக் கேட்டதற்கே முகம் சுளிக்கிறார்கள் என்றால், அதுவே பதில்.

பேட்ஜ் போட்டதும் உங்களுக்கென்று ஒரு தனி எண் கிடைக்கும். அதுவரை வாங்கிய கதிரின் கணக்கு அந்த எண்ணில்தான் ஏறும். கம்பெனி மாறும்போது புதிதாக ஒரு எண் வாங்காமல் பழைய எண்ணையே கொடுங்கள். முந்தைய இடத்தின் டோஸ் ரிப்போர்ட் நகலையும் கையோடு வாங்கி, சம்பள ஸ்லிப்புடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.