கழுவினால் மட்டும் போதாது, பெயரும் எழுத வேண்டும்

தமிழ்நாட்டில் சின்னதாக ஒரு வாட்டர் வாஷ் கடைக்குள் நுழைந்தால், சுவரோரம் ஸ்பிரே பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். கண்ணாடி துடைக்கும் திரவம் வந்த பாட்டிலில் இப்போது கார் ஷாம்பு இருக்கும். கொரோனா காலத்து சானிடைசர் பாட்டிலில் டயர் பாலீஷ். மூன்றாவதில் லேபிள் கிழிந்து, பசைத் தடம் மட்டும் மிச்சம். உள்ளே டேஷ்போர்டு பாலீஷ். தண்ணீரில் கலந்து தயாராகும் டயர் பாலீஷ், டேஷ்போர்டு பாலீஷ் இரண்டுமே பால் மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். சில ஷாம்புகளும் அப்படித்தான். எதில் எது என்பது அங்கே பழகிய ஒரு பையனுக்கு மட்டும் தெரியும். அவன் லீவு போட்ட அன்று, புதிதாக வந்தவன் கைக்கு எட்டியதை எடுத்து அடிப்பான்.

இது சின்ன விஷயமல்ல. டயர் பாலீஷில் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். அது முன்பக்கக் கண்ணாடியில் பட்டால் பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி மழையில் வைப்பர் ஓடும்போது கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் படலம் இழுபடும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் சிதறி, சாலையே மறையும். பிரேக் பெடலில் பட்டால் கால் வழுக்கும். பைக்கின் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. பெயரில்லாத ஒரு பாட்டிலால் இவ்வளவும் நடக்கலாம்.

அதற்காகப் பழைய பாட்டிலைத் தூக்கி எறியச் சொல்வதும் தவறு. பாட்டிலின் உடல் பெரும்பாலும் ஹெச்டிபிஇ அல்லது பெட் பிளாஸ்டிக். இரண்டையும் பழைய இரும்பு, பேப்பர் வாங்கும் கடையில் போடலாம், மறுசுழற்சிக்குப் போகும். சிக்கல் அதன் தலையில் இருக்கிறது. விரலால் அழுத்தும் அந்த டிரிகருக்குள் பாலிப்ரொப்பிலீன் உடல், பாலிஎத்திலீன் குழாய், ஒரு ஸ்பிரிங், சிறிய குண்டு, ரப்பர் வளையம் என்று பல பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் கூலி யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே அது நேராகக் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. ஒழுங்காகப் பராமரித்தால் பல பாட்டில் திரவத்தை அடித்துத் தள்ளக்கூடிய ஒரு சின்ன பம்ப், அரை லிட்டர் தீர்ந்ததும் குப்பையாகிறது. இதைவிட வீண் செலவு வேறில்லை.

ஆகவே பாட்டிலையும் டிரிகரையும் கழுவி மறுபடி பயன்படுத்துவதே சரி. ஆனால் கழுவுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குழாயடியில் பாட்டிலைக் குலுக்கி ஊற்றிவிட்டு, டிரிகரை அப்படியே திருகி மூடுவது வழக்கம். பழைய திரவம் தங்குவதோ டிரிகருக்குள்ளும் உறிஞ்சுகுழாயிலும்தான். பாட்டில் பளிச்சென்று இருந்தாலும் முதல் சில அழுத்தங்களில் வருவது பழைய சரக்கே. தண்ணீரை டிரிகர் வழியாகவே அடித்து வெளியேற்றினால்தான் அது சுத்தமாகும். நாசிலைத் திறந்து வைத்து, நுரை நின்று வெறும் தண்ணீர் வரும்வரை அடிக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காலியான பாட்டிலில் 5 மில்லி திரவம் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே தடவையில் 300 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால், மறுபடி ஒட்டி நிற்கும் 5 மில்லியில் பழைய திரவத்தின் செறிவு 61-ல் ஒரு பங்காகக் குறையும். அதே 300 மில்லியை நூறு நூறாக மூன்று தடவை ஊற்றிக் கொட்டினால் 9,261-ல் ஒரு பங்காகிவிடும். செலவான தண்ணீர் ஒன்றுதான். பலன் நூற்றைம்பது மடங்கு. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களில் இந்தக் கணக்கைக் கடைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஆனால் இது தண்ணீரில் கரையும் திரவங்களுக்கு மட்டும்தான் செல்லும். மெழுகுக்கும் சிலிக்கோனுக்கும் தண்ணீர் எத்தனை தடவை ஊற்றினாலும் போதாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு, ஊறவைத்து, அடித்துக் கழுவினால் ஓரளவு போகும். அதன் பிறகு கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை டிரிகர் வழியாக அடித்தால் இன்னும் கொஞ்சம் போகும். முழுக்கப் போய்விட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் இதன் தீவிரம் தெரியும். பாடியில் சிலிக்கோன் துளி ஒட்டியிருந்தால், அடித்த பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் விலகிக் குழி குழியாக நிற்கும். ‘ஃபிஷ் ஐ’ என்று அவர்கள் அலுத்துக்கொள்வது அதைத்தான். ஆகவே டயர் பாலீஷ் இருந்த பாட்டில் கடைசிவரை டயர் பாலீஷுக்கே இருக்கட்டும். கண்ணாடிக்கு என்று ஒரு பாட்டிலைத் தனியே வைத்துவிட வேண்டும். அதில் வேறு எதையும் ஊற்றக்கூடாது.

செராமிக் ஸ்பிரே காய்ந்தால் நாசிலிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். பயன்படுத்திய கையோடு டிரிகரைச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

போர் தண்ணீரின் கதை வேறு. உப்புத் தண்ணீரில் ஷாம்பு கலந்து வைத்தால் நாசில் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டும். ஸ்பிரே ஒரு பக்கமாகப் பீய்ச்சும். பலர் டிரிகர் கெட்டுவிட்டது என்று எறிவது இந்தக் கட்டத்தில்தான். வெள்ளை வினிகரில் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். திரவத்தைக் கலக்கும்போதே ஆர்ஓ தண்ணீரையோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையோ சேர்த்தால் இந்தத் தொல்லையே இல்லை. கலந்ததை மாதக்கணக்கில் வைப்பதும் கூடாது. தண்ணீர் சேரச் சேர, கெடாமல் காக்கும் மருந்தும் நீர்த்துப்போகிறது. பிறகு வழவழப்பும் நாற்றமும் வரும்.

உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று உண்டு. கார் வீல்களில் படியும் கறைக்குச் சில கடைகளில் ஆசிட் கலந்த கிளீனர் பயன்படுத்துவார்கள். தரையும் கழிவறையும் கழுவ ப்ளீச் இருக்கும். ஒன்றிருந்த பாட்டிலில் மிச்சத்தோடு மற்றொன்றை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பர்லிங்டன் ஊர் உணவகம் ஒன்றில் தரையில் சிந்திக் கிடந்த ஆசிட் கிளீனர் மேல் ப்ளீச் கலந்த திரவம் சேர்ந்தது. கிளம்பிய புகையைச் சுவாசித்த மேலாளர் இறந்துபோனார். பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். தொழிற்சாலை இல்லை, வெடிவிபத்து இல்லை. சுத்தம் செய்யும் இரண்டு திரவங்கள், அவ்வளவுதான். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடு ப்ளீச் சேர்ந்தாலும் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும்.

இங்கே நிலைமை இன்னும் மோசம். தெருவில் வண்டியில் வரும் பினாயிலும் ஆசிட்டும் சோப்பு ஆயிலும் பழைய தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும்தான் விற்கப்படுகின்றன. குழந்தையின் கண்ணுக்கு அது தாகத்துக்குக் குடிக்கும் பாட்டில். குடிநீர் பாட்டிலில் ரசாயனம் ஊற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. பூச்சிமருந்து இருந்த பாட்டிலும் அப்படித்தான். எத்தனை தடவை கழுவினாலும் அது வேறு எதற்கும் ஆகாது. பயன்படுத்திய மருந்து டப்பா மறுபடி புழக்கத்துக்கு வராதபடி அழிக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவத்தைக் காற்றுப் போக்கில்லாத பாட்டிலில் அடைப்பதும் ஆபத்து. உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் உப்பும், வெடிக்கவும் செய்யும்.

பெயர் எழுதுவது ஒழுக்கத்தின் பாற்பட்டது என்று விட்டுவிட்டால் நடக்காது. அமெரிக்காவில் வேலையிடத்தில் ரசாயனத்தை வேறு பாட்டிலுக்கு மாற்றினால் அதில் பெயரும் ஆபத்துக் குறிப்பும் இருக்க வேண்டும் என்பது தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. ஊற்றியவரே உடனே பயன்படுத்தித் தீர்ப்பதற்கு மட்டும் விலக்கு. அதற்கேற்ப அங்கே கம்பெனிகளும் வழி செய்கின்றன. 1901-ல் தொடங்கிய மெகுவியர்ஸ் என்ற கார் பராமரிப்பு நிறுவனம், தொழில்முறைக் கடைகளுக்கு அடர்த்தியான திரவத்தை கேலன் கேனில் விற்கிறது. அதன் பெயரும் எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பதும் அச்சிட்ட காலி பாட்டில்களைத் தனியே விற்கிறது. பாட்டில் ஒன்றுதான், கேன்தான் மாறும்.

இந்தியச் சந்தையில் இதைச் செய்ய என்ன தடை? ஸ்பிரே பாட்டில்களின் கழுத்து பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவு. ஒரு கம்பெனியின் டிரிகர் பல நேரம் இன்னொரு கம்பெனியின் பாட்டிலில் பொருந்தும். அப்படியிருந்தும் ஒவ்வொரு பாட்டிலோடும் புது டிரிகரைக் கொடுத்து, அதற்கும் சேர்த்தே விலை வாங்குகிறார்கள். சாதாரண மூடி போட்ட ரீஃபில் பாட்டிலைக் குறைந்த விலைக்கு வைத்தால் வாங்கமாட்டோம் என்று எந்த வாடிக்கையாளர் சொன்னார்?

சட்டமும் இந்தச் சின்ன பாட்டில்களைக் கண்டுகொள்ளவில்லை. 2022 பிப்ரவரியில் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், கெட்டியான பிளாஸ்டிக் பேக்கிங்கில் ஒரு பங்கை நிறுவனங்களே மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்கின்றன. அந்தக் கடமை தொடங்குவது 0.9 லிட்டர் கொள்ளளவிலிருந்து. கடை அலமாரிகளில் நிற்கும் கார் பராமரிப்பு ஸ்பிரேக்களோ பெரும்பாலும் அரை லிட்டர், அதற்கும் கீழ். ஆக, அதிகமாக விற்று அதிகமாக எறியப்படும் பாட்டில்தான் இந்த மறுபயன்பாட்டுக் கணக்கில் வராமல் தப்பிக்கிறது. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் நடத்தும் தமிழக அரசு, டிரிகர் வைத்த பாட்டில்களுக்கு அளவு வரம்பே கூடாது என்று மத்திய அரசிடம் கேட்க வேண்டும்.

அதுவரை கடைக்காரர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அழியாத மார்க்கர் பேனா ஒன்று வாங்கிப் பையன்களிடம் கொடுங்கள். பாட்டிலில் திரவத்தின் பெயர், கலந்த தேதி, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்ற மூன்றையும் அவர்கள் வாசிக்கும் மொழியில் எழுதச் சொல்லுங்கள். வடமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்யும் பையனுக்கு இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லாத பாட்டில் கண்ணில் பட்டால், உள்ளே என்ன என்று முகர்ந்து பார்க்காமல், யாரையும் முகர விடாமல், அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.