பகலில் மிச்சம், மாலையில் பஞ்சம்

2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் கிராமங்கள் நாளில் பல மணி நேரம் இருளில் கிடந்தபோது, புணே நகரம் மின்வெட்டிலிருந்து தப்பித்தது. அங்குள்ள தொழிற்சாலைகள், பற்றாக்குறை மிகுந்த நேரங்களில் தமது சொந்த ஜெனரேட்டர்களை இயக்கின. மின்தொகுப்பில் அவை விட்டுக்கொடுத்த மின்சாரம் வீடுகளுக்குச் சென்றது. டீசலுக்கான கூடுதல் செலவு, அதிகம் பயன்படுத்தும் நுகர்வோரிடம் தனிக் கட்டணமாக வசூலிக்கப்பட்டது. இந்தியத் தொழில் கூட்டமைப்பு முன்வைத்த இந்த ஏற்பாட்டுக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் அளித்தது. 'புணே மாதிரி' என்று தில்லி வரை பேசப்பட்டது.

காசு கொடுக்க முடிந்த நகரம் ஒளிர்ந்தது, முடியாத கிராமம் இருண்டது என்பதும் அந்த மாதிரியின் மறுபக்கம்தான். அன்று எல்லா நேரத்திலும் பற்றாக்குறை. இன்று நிலைமை வேறு.

2025 ஜனவரியில் நாட்டின் சூரிய மின் உற்பத்தித் திறன் 1 லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. 2024 மே 30-ஆம் தேதி பிற்பகலில் மின் தேவை 2.5 லட்சம் மெகாவாட்டைத் தொட்டபோதும் அதை ஈடுகட்ட முடிந்தது. சூரியன் மறைந்த பிறகுதான் சிக்கல். விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடிக்கொண்டிருக்கையில், சில மணி நேரத்துக்குள் சூரிய மின்சாரம் முழுவதும் மறைந்துவிடுகிறது. அனல் மின் நிலையங்களை நினைத்தபோது நிறுத்தி, நினைத்தபோது இயக்க இயலாது. மறுபுறம், ராஜஸ்தானில் கொண்டுசெல்லப் போதிய மின்பாதையின்றி 2025-இல் பகல்நேர சூரிய மின் உற்பத்தி குறைக்கப்பட்டது.

மத்திய அரசு கண்ட வழி, நேரத்துக்கேற்ற கட்டணம். 2023-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும்; உச்ச நேரத்தில் தொழிற்சாலை, வணிக நிறுவனங்களுக்கு 20 சதவீதமும், விவசாயம் நீங்கலான பிறருக்கு 10 சதவீதமுமாவது கூடுதலாக இருக்க வேண்டும். தொழிற்சாலை தனது உலையை நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பம், மாலைச் சமையலை எந்த நேரத்துக்கு மாற்றும்? விவசாயியின் பம்புசெட்டைப் பகலுக்குக் கொண்டுவர 2017-இல் மகாராஷ்டிரம் தொடங்கிய சூரிய மின் திட்டம் இதைவிட நியாயமானது. நள்ளிரவில் பாம்புக்கு அஞ்சி வயலுக்கு நடந்தவருக்கு அதன் அருமை தெரியும்.

எஞ்சியது சேமிப்பு. பகலின் உபரி மின்சாரத்தால் நீரை மேலேற்றி, மாலையில் கீழிறக்கி மின்சாரம் எடுக்கும் முறை நமக்குப் புதிதல்ல. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் உண்டு. பிவ்புரியில் 1,000, புணே மாவட்டத்தின் ஷிரவடாவில் 1,800 மெகாவாட் நிலையங்களை அமைக்க 2023 ஆகஸ்டில் டாடா பவர் மாநில அரசுடன் உடன்பாடு செய்தது.

தேவையான திட்டங்களே. ஆனால் அதே மாவட்டத்தின் முல்ஷியில், டாடா நிறுவன அணைக்கு நிலமிழந்த விவசாயிகள் சேனாபதி பாபட் தலைமையில் 1921-இல் சத்தியாகிரகம் நடத்தினர். அணை எழுந்தது, அந்த நீர் இன்றும் பீரா மின் நிலையத்தை இயக்குகிறது. நூறாண்டு கழித்து அதே மலைத்தொடரில் மீண்டும் இயந்திரங்கள் இறங்கும்போது, யாருடைய நிலம், என்ன இழப்பீடு என்பதை வேலை தொடங்குமுன் மராத்தியில் கிராம சபைகளின் முன் வைக்க வேண்டிய கடமை அரசுக்கும் நிறுவனத்துக்கும் உண்டு.