மறக்காதவரின் கதை

அலுவலகத்தையே வீடென்று நினைத்து நடந்துகொள்கிறார் தலைமைச் செயலக ஊழியர் ரமேசன் நாயர். பிளெஸ்ஸி இயக்கிய 'தன்மாத்ரா' (2005) என்ற மலையாளப் படத்தில் அல்ஸைமர் நோய் இப்படித்தான் அம்பலமாகிறது. சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது பெற்ற இதில், மோகன்லாலின் நடிப்புக்குப் பாராட்டுகள் குவிந்தன. ஆனால் முழுச் சுமையும் மனைவி லேகாவின் (மீரா வாசுதேவன்) தோளில். கணவர் குழந்தையாக, அவர் தாயாகிறார்.

நோயைக் குணப்படுத்த இன்றும் மருந்தில்லை, பராமரிப்புதான் சிகிச்சை. 1992இல் கேரளத்தில் பிறந்த அல்ஸைமர் சங்கம் பராமரிப்பவர்களுக்கும் பயிற்சி தருகிறது. ஆனால், சக்குபள்ளம் போன்ற இடுக்கி மலையூர்களுக்கு இத்தகைய உதவி எட்டுவது சிரமம். அங்கே மருத்துவர், தாதி, காவலாள் எல்லாம் பெரும்பாலும் மனைவிதான். கணவருக்குத் தான் இழந்தது எதுவென்றே மறந்துவிடுகிறது. மனைவிக்கு அந்தச் சலுகையும் இல்லை.