ஓம் குறைந்தால் காந்தம் கூடுமா?



போன மாதம் காலைக் கூட்டத்தின் நடுவே எங்கள் பாடசாலை அம்பிளிபயர் கருகிப் போனது. அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் 8 ஓம் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 4 ஓம் பூட்டியிருந்தோம். "ஓம் குறைஞ்சா காந்தம் கூடும், சத்தமும் கூடும்" என்றார் பூட்ட வந்தவர். நாங்களும் தலையாட்டினோம். போனது பெற்றோர் சேர்த்துத் தந்த காசு.

பிறகு உயர்தரப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். விசை என்றால் காந்தப்புலம் தர ஓட்டம் தர கம்பியின் நீளம் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தார்கள். "அப்படியென்றால் ஓம் குறைய, காந்தம் கூடுமா?" என்றோம். பாதிப் பேர் "ஓம் சேர்" என்றார்கள்! பிழை பிள்ளைகளில் இல்லை. ஒரு ஸ்பீக்கரையாவது பிரித்துக் காட்டாத எங்களில்தான்.

விஷயம் இதுதான். ஸ்பீக்கரின் காந்தப்புலம் பின்னாலுள்ள நிலையான காந்தத்திலிருந்து வருகிறது. சுருளின் தடை அதைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. பிறகு ஏன் 4 ஓமில் சத்தம் கூடியது? அதே வோல்ற்றளவில் 4 ஓம் சுருள் இரண்டு மடங்கு ஓட்டத்தை இழுக்கிறது. கூடியது காந்தமல்ல, அம்பிளிபயரின் சுமை. 8 ஓமுக்குச் செய்த அம்பிளிபயர் அதைத் தாங்காது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரே காந்தம், ஒரே நிறைச் செம்பு. கம்பியை இரண்டு மடங்கு நீளமாக இழுத்துச் சுற்றினால் குறுக்குவெட்டு பாதியாகும். 4 ஓம் 16 ஓமாகும். அதே வாற்றுக்கு ஓட்டம் பாதியாகக் குறையும். ஓட்டம் பாதி, நீளம் இரண்டு மடங்கு. ஆகவே கூம்பைத் தள்ளும் விசை மாறாது. ஓமை மாற்றுவதால் மட்டும் ஸ்பீக்கர் பலமாகிவிடாது. சுருள் அசையும் ஒடுங்கிய இடைவெளியில் புலம் எவ்வளவு வலிமை என்பதே முக்கியம். அங்கே புலம் இரட்டித்தால், அதே ஓட்டத்துக்கு விசையும் இரட்டிக்கும்.

1925 இல் ரைஸ், கெலொக் என்ற இரு அமெரிக்கப் பொறியியலாளர்கள் அசையும் சுருள் ஒலிபெருக்கியை வெளிப்படுத்தியபோது, காந்தப்புலத்துக்குத் தனிச் சுருள், ஒலிக்குத் தனிச் சுருள் என்று இரண்டு வைத்தார்கள். கொழும்பு வானொலி ஆரம்பமானதும் அதே ஆண்டில்தான். நூறு ஆண்டுகள் தாண்டியும் நாங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

பள்ளிவாசலோ, கோவிலோ, தேவாலயமோ, ஒலிபெருக்கி வாங்கப் புறக்கோட்டைக்குப் போகும் நிர்வாகத்தினர் மூன்றைக் கேளுங்கள். அம்பிளிபயர் ஆகக் குறைந்தது எத்தனை ஓமைத் தாங்கும்? எல்லா ஸ்பீக்கர்களையும் சேர்த்துப் பூட்டினால் மொத்தம் எத்தனை ஓம்? இரண்டு 8 ஓமைச் சமாந்தரமாகப் பூட்டினாலே 4 ஓம்தான். ஒரு வாற்றுக்கு எத்தனை டெசிபல் தரும்? காந்தத்தின் பலமும் அடங்கியிருப்பது இந்தக் கடைசி எண்ணில்தான்.

எங்களிடம் கேட்டால், பௌதிகவியலைக் கரும்பலகையில் மட்டும் படிப்பித்தது போதும். பழுதான ஸ்பீக்கர்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். பிள்ளைகள் பிரிக்கட்டும், மல்டிமீற்றரால் அளக்கட்டும். 8 ஓம் என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 6 என்று காட்டும்போது "ஏன் சேர்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எங்களுக்கு அன்றே வந்திருந்தால் அம்பிளிபயர் தப்பியிருக்கும்.