பாடகர் குழுவில் ஆக்டோபேட்

தோலின் இறுக்கத்தைச் சோதியாமல் எந்தத் தவில் வித்துவானும் வாசிக்கத் தொடங்குவதில்லை. சீர்காழிப் பக்கத்தவர்க்கு இதனைச் சொல்ல வேண்டுவதில்லை. நம் பாடகர் குழு இளைஞரோ, ஆக்டோபேடுக்கு மின்சாரம் வந்ததும் அடிக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

1985இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆக்டோபேடுக்குச் சொந்தக் குரலே இல்லை. எட்டுத் தட்டுகளில் விழும் அடியை வேறோர் ஒலிக்கருவிக்கு அறிவிப்பதே அதன் பணி. பின்வந்தவை தாமே ஒலிப்பினும் அடிப்படை மாறவில்லை. ரப்பரின் கீழுள்ள உணரி, அதிர்வைச் சிறு மின்னழுத்தமாக மாற்றுகிறது. எவ்வளவு அதிர்வை அடியென்று கொள்வது என்பதை நாமே கருவிக்குச் சொல்ல வேண்டும்.

திருவிருந்துப் பாடலில் மெல்லிய தட்டல்கள் கேளாமற் போகின்றனவா? 'த்ரெஷோல்ட்' எனும் தொடக்க அளவைக் குறைக்க. மிகக் குறைத்தால் ஸ்பீக்கரின் அதிர்வுக்கே கருவி ஒலித்துவிடும். எப்படித் தட்டினாலும் இடியென முழங்கினால் 'சென்சிட்டிவிட்டி'யைத் தணிக்க வேண்டும். பெருந்தொல்லை, ஒன்றை அடிக்க அண்டைத் தட்டும் ஒலிப்பதே. எட்டும் ஒரே உடலில் இருப்பதால் அதிர்வு பரவுகிறது; பேயுமன்று, பழுதுமன்று! 'கிராஸ்டாக்' அளவைச் சிறிது உயர்த்தினால் அடங்கும். வரம்பு மீறினாலோ, இரண்டை ஒருங்கே அடிக்கையில் ஒன்று ஊமையாகும்.

இதைச் செய்யாமல், சம்பா நெல் களம் சேருமுன்னரே புதுக் கருவிக்கு நன்கொடை கேட்டு வீடுவீடாய்ச் செல்லும் குழுக்களை நாம் கண்டதுண்டு. வாசிப்பவரே, கோவிலில் வைக்கும் அதே ஸ்டாண்டில், ஸ்பீக்கர் ஒலிக்கும்போதே சரிபார்க்கட்டும். மாற்றுமுன் பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொள்க.