அடுப்பை மூட்டியது ஜோசியமா?

சரவண பவன் ஓட்டலின் சங்கதியைப் பேசும்போது நமது ஜனங்களில் பலர், “ஒரு ஜோசியர் சொன்னார், முதலாளிக்கு யோகம் அடித்தது” என்பதாகச் சொல்லிக்கொள்ளுகின்றார்கள். மயிலாப்பூர் மாடவீதிக் கிளையில் காப்பி குடித்துக்கொண்டே இப்படிச் சொன்னவர்களும் உண்டு. இது உண்மைதானா என்று பார்ப்போம்.

அதன் முதலாளி பி. ராஜகோபால் 1947-இல் தூத்துக்குடிப் பக்கம் புன்னையடி கிராமத்தில் ஒரு வெங்காய வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஓட்டலில் மேஜை துடைத்து, பிறகு சென்னை கே.கே. நகரில் மளிகைக் கடை வைத்தவர். அக்கடைக்கு வந்த ஒரு விற்பனைக்காரர், இந்த வட்டாரத்தில் ஓட்டலே இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தியாகராய நகர் போகவேண்டியிருக்கின்றது என்று குறைப்பட்டார். நெருப்பு சம்பந்தமான தொழில் செய்தால் விருத்தியாகும் என்று ஜோசியரும் சொன்னாராம். 1981-இல் கே.கே. நகரில் முதல் ஓட்டல் திறக்கப்பட்டது.

தோழர்களே! இதில் வியாபாரத்துக்குக் காரணம் எது? பசித்தவனுக்குப் பக்கத்தில் சோறு கிடைக்கவில்லை என்ற விற்பனைக்காரரின் பேச்சா? நெருப்பு என்ற ஜோசியரின் பேச்சா? நெருப்பில்லாத ஓட்டல் உலகில் எங்கே இருக்கின்றது? நல்ல நாளும் நல்ல நேரமும் பார்த்துத் திறந்து மூன்றே மாதத்தில் மூடிய ஓட்டல்கள் எத்தனை? அவற்றுக்கு நாள் குறித்த ஜோசியர்கள் நஷ்டத்தில் ஒரு காசாவது கொடுத்ததுண்டா?

உண்மையில் நடந்தது வேறு. மட்டமான சரக்கை வாங்கு, சிப்பந்திகளுக்குச் சம்பளத்தைக் குறை என்று யோசனை சொன்ன ஆலோசகரை ராஜகோபால் விலக்கினார். தேங்காய் எண்ணெயும் முதல் தரக் காய்கறியும் உபயோகித்தார். ஆரம்பத்தில் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரையில் நஷ்டப்பட்டும் தரத்தைக் குறைக்கவில்லை. சிப்பந்திகளுக்கு இருக்க இடமும் வைத்தியச் செலவும் கிடைத்தன. அவர்கள் அவரை ‘அண்ணாச்சி’ என்றழைத்தார்கள். 2000-இல் துபாயில் கிளை. பிறகு லண்டன், நியூயார்க், பாரிஸ். இவ்வளவும் அடுப்படியில் வெந்தவர்களின் உழைப்பினாலும் கணக்குப் பார்த்த புத்தியினாலும் வந்ததேயல்லாமல், எந்தக் கிரகமும் மாவரைக்க வரவில்லை.

நிற்க, இதில் மற்றொரு விஷயமும் இருக்கின்றது. சைவச் சாப்பாடென்றால் பார்ப்பனர் கையால்தான் என்றிருந்த நகரம் இது. ரயில்வே சிற்றுண்டிச்சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம் என்ற ஏற்பாடு 1941-இல்தான் ஒழிந்தது. ‘பிராமணாள்’ என்ற போர்டை எடுக்கச் சொல்லி, மயிலாப்பூருக்கு அடுத்த திருவல்லிக்கேணியில் 1957-இல் பெரியார் மறியல் நடத்தவேண்டியிருந்தது. பலர் சிறை சென்றார்கள். கமுதிக் கோயில் வழக்கில் நாடார்களுக்கு உள்ளே போக உரிமையில்லையென்று 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலே தீர்ப்பளித்தது. அந்த நாடார் வகுப்பில் பிறந்த ஒருவரின் ஓட்டலில், கபாலீசுவரர் கோயிலுக்குப் போய் வந்தவர்களும் வரிசையில் நின்று இட்லி தின்றார்கள். ருசிக்குப் பூணூல் வேண்டியதில்லையென்பது நாக்குக்கே தெரிந்துபோயிற்று.

ஆனால் சாதியின் பொய்யை இப்படி உடைத்துக் காட்டிய அதே மனிதர் ஜோசியத்தின் பொய்யை விடவில்லை. முன்பே இரு மனைவியர் இருக்க, தம்மிடம் வேலை செய்தவரின் மகளை மூன்றாவதாக மணந்தால் மேன்மை வரும் என்ற ஜோசிய யோசனையை நம்பி அவளைத் தொடர்ந்தார் என்று செய்தி வெளிவந்தது. அப்பெண் மாட்டேன் என்றாள். தான் விரும்பியவரை மணந்தாள். 2001 அக்டோபரில் அந்தக் கணவர் கொல்லப்பட்டு, உடல் கொடைக்கானல் மலைக்காட்டில் கிடைத்தது. 2004-இல் செஷன்ஸ் கோர்ட்டு பத்தாண்டு தண்டனை விதித்தது; 2009-இல் ஐகோர்ட்டு அதை ஆயுள் தண்டனையாக்கியது; 2019 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. அவ்வாண்டு ஜூலையில் ராஜகோபால் சரணடைந்தார். சில நாட்களில் இறந்தும் போனார்.

குற்றத்தை ஜோசியத்தின் தலையில் போட்டு மனிதரைத் தப்பவிட நாம் சொல்லவில்லை. செய்தவர்தான் குற்றவாளி. ஆனால் ஒரு பெண்ணின் இஷ்டத்தைக் கேட்காமல், அவளை ஒருவருடைய அதிர்ஷ்டத்துக்கு வேண்டிய சாமானாக எண்ணத் தைரியம் கொடுத்தது எது? இது ஒரு பணக்காரரின் சங்கதி மட்டுமா? ஜாதகக்கட்டை விரித்து, பெண்ணின் சம்மதத்தைக் கேட்காமலே கலியாணத்தை நிச்சயிக்கும் நமது வீடுகளில் நடப்பதென்ன? கொலை நடக்கவில்லை என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்?

லாபம் வந்தால் பங்குக்கு வரும் ஜோசியம், ஜெயிலுக்குப் போகும்போது கூட வருவதில்லை. ஆகவே கடை வைக்க நினைக்கும் தோழர்கள் அந்தத் தெருவில் எது கிடைக்கவில்லையென்று விசாரியுங்கள், சரக்கைப் பாருங்கள், சிப்பந்தியின் வயிற்றைப் பாருங்கள். கலியாணம் செய்ய நினைப்பவர்கள் பெண்ணைக் கேளுங்கள். அவள் வேண்டாமென்றால் அதற்கு மேல் பார்ப்பதற்கு எந்தக் கட்டமும் இல்லை.