38 ஏடிபியும் ஒரு மதிப்பெண்ணும்

பள்ளியில் ஒரு வகுப்புத் தேர்வு. ஒரு மதிப்பெண் கேள்வி: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுவதும் ஆக்ஸிகரணம் அடைந்தால் எத்தனை ஏடிபி கிடைக்கும்? "30 முதல் 32 வரை" என்று எழுதினேன். விடைத்தாள் வந்தபோது அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 38 என்று திருத்தம்.

ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "நீ படிச்சது சரியா இருக்கலாம்ப்பா. ஆனா விடைக்குறிப்புல 38தான் இருக்கு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த 38 இன்றும் உறுத்துகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் சாப்பிடும் சோறு செரித்துக் குளுக்கோஸ் ஆகிறது. அதை நெருப்பில் போட்டால் எல்லா ஆற்றலும் ஒரேயடியாக வெப்பமாகப் போய்விடும். செல் அப்படிச் செய்வதில்லை, படிப்படியாக உடைக்கிறது. முதலில் சைட்டோபிளாசத்தில் கிளைக்காலிசிஸ். பத்துப் படிகள் முடிந்ததும் இரண்டு பைருவிக் அமிலம், நிகர லாபம் 2 ஏடிபி. பிறகு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கிரப்ஸ் சுழற்சி. அங்கே இன்னும் 2. கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்ஸைடாக வெளியேறுகிறது. ஆம், நேற்றுச் சாப்பிட்ட சோற்றைத்தான் இன்று மூச்சாக விடுகிறோம்!

ஆக, நேரடியாகக் கிடைத்தது வெறும் 4. மீதி எங்கிருந்து வருகிறது?

இதற்கு 1961ல் விடை சொன்னவர் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர். உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு வழியே கைமாறிக் கைமாறி, கடைசியில் ஆக்ஸிஜனைச் சேர்ந்து நீராகின்றன. வழியில் விடும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வின் மறுபக்கம் தள்ளித் தேக்குகிறது. அணையில் தேங்கிய நீர் டர்பைனைச் சுற்றுவதுபோல, திரும்பி வரும் புரோட்டான்கள் ஒரு நொதியைச் சுற்றுகின்றன. அது சுற்றச் சுற்ற ஏடிபி பிறக்கிறது. பலர் இதை நம்பவில்லை. பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகு, 1978ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதி வேலை செய்யும் விதத்தை விளக்கிய பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997ல் கிடைத்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். எலக்ட்ரான் சுமந்து வரும் ஒவ்வொரு என்ஏடிஎச்சுக்கும் 3 ஏடிபி, எஃப்ஏடிஎச்2வுக்கு 2 என்பது பழைய கணக்கு. 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2. நேரடியாக வந்த 4ஐயும் கூட்டினால் 38. ஆனால் அணை நீரை முழு எண்ணில் பங்கு போட முடியுமா? கொஞ்சம் புரோட்டான் கசிகிறது. கொஞ்சம், பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரச் செலவாகிறது. அதனால் சுமார் 2.5, 1.5 என்றுதான் வருகிறது, கூட்டினால் 32. கிளைக்காலிசிஸின் எலக்ட்ரான்கள் உள்ளே நுழையும் வழியைப் பொறுத்து அது 30 ஆகவும் குறையும். எலும்புத்தசைக்கு ஒரு வழி, இதயத்துக்கு ஒரு வழி.

அதாவது, அந்த அரைப் புள்ளியில்தான் மிட்செலின் கதை முழுவதும் இருக்கிறது. 38 என்று மனப்பாடம் செய்பவனுக்கு அந்தக் கதை கடைசிவரை தெரியாமலே போகிறது.

லட்சக்கணக்கான விடைத்தாள்களுக்கு ஒரே விடை வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 38ஐ எடுத்துவிட்டு 32ஐ வைத்தாலும் அதையும் மனப்பாடம்தான் செய்வோம். எனவே எண்ணையே கேட்காதீர்கள் என்கிறேன். "சயனைடு உண்டவரின் இரத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தும் ஏன் இறக்கிறார்?" என்று கேளுங்கள். எலக்ட்ரானை ஆக்ஸிஜனிடம் கொடுக்கும் கடைசிப் படியைச் சயனைடு அடைத்துவிடுகிறது; புரோட்டான் தேங்காது, நொதி சுற்றாது. இதற்கும் ஒரே விடைதான். ஆனால் புரிந்தவனால் மட்டுமே எழுத முடியும்.

போன ஒரு மதிப்பெண் போகட்டும். இந்தக் கதையை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லவில்லையே என்பதுதான் என் வருத்தம்.